தம்பிக்கு மூணு வருஷமா வீசிங்னு சொல்றாங்க, இன்ஹேலர் அடிச்சும் ஒண்ணும் ஆகல. முதுகால மூச்சு கெடுமா?

தையல்_பேரணாம்பட்டு
ஞாயிறு, இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கறதோட சரி, எழுதறது இதான் மொத தடவ, தப்பிருந்தா மன்னிச்சிக்குங்க.

என் தம்பிக்கு 27 வயசு. ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேலை, சோல் ஒட்டறதுக்கு சொல்யூஷன் தடவற செக்‌ஷன். மூணு வருஷமா மூச்சை முழுசா இழுக்க முடியலக்கா, பாதிலயே எதோ புடிச்சிக்குதுன்றான். மொதல்ல பாத்த டாக்டர் இன்னா வேலைன்னு கேட்டாரு, ஷூ கம்பெனின்னு சொன்னதும் சொல்யூஷன் நெடிதான், வீசிங்னு எழுதிட்டாரு. அதுக்கப்புறம் நாலு எடம் மாத்தி காட்டிட்டோம், எங்க போனாலும் அந்த மொத சீட்டை வாங்கி பாத்துட்டு அதையே தான் எழுதறாங்க. நீல கலர் இன்ஹேலர் அடிச்சா கை வெடவெடன்னு நடுங்குது, பிரஷ் புடிக்க முடியாம சூப்பர்வைசர் கிட்ட திட்டு வாங்கறான், மூச்சு மட்டும் அப்படியேதான் இருக்குது.

விடிகாலைல தான் ரொம்ப மோசம். நாலு மணிக்கே எழுந்து செவுத்துல சாஞ்சிகினு உக்காந்திருப்பான், முதுகு பலகை மாதிரி இருக்குதுன்னுவான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தா கொஞ்சம் விட்டுடுது. ஞாயித்துக்கெழமை லீவு, படுத்தே கெடப்பான், அன்னிக்கு சாயங்காலம் இன்னும் மோசம். முதுகுல ஏதாச்சும் இருந்து மூச்சு கெடுமான்னு ஒரு டாக்டர் கிட்ட கேட்டேன், சிரிச்சிட்டாரு. உங்க யாருக்காச்சும் தெரியுமா?


கூழ்வத்தல்
ஞாயிறு, இரவு 11:15

கேஸ் தான்க்கா இது. எங்க நைனாவுக்கும் இப்டிதான் மூச்சு முட்டும், ஓமத்தை வறுத்து கஷாயம் வெச்சு குடுத்தா ஏப்பம் விட்டுட்டு எழுந்து போய்டுவாரு. பயப்படாதீங்க.


காட்பாடி_ஜங்ஷன்
திங்கள், காலை 6:20

கூழு, மூணு வருஷமா ஒரு ஏப்பம் வராமலா இருக்கும்? சும்மா இருப்பா.

அக்கா, நீங்க எழுதினதுல ஒரு விஷயம் எனக்கு தூக்கியே வாரிப்போட்டுச்சு. ஞாயித்துக்கெழமை கம்பெனி லீவு, சொல்யூஷன் நெடி இல்ல, ஆனா அன்னிக்கு தான் மோசம்ன்றீங்க. நெடியால வர்ற இளைப்பா இருந்தா லீவு நாள்ல கொறையணும்ல? ஒங்க தம்பிக்கு ரெஸ்ட் எடுத்தா மோசம், நடந்தா நல்லாருக்குது. நான் 11 வருஷமா இந்த கதையில தான் வாழ்ந்துகினு இருக்கேன், அதான் கேக்கறேன், கோச்சிக்காம பதில் சொல்லுங்க.

காலைல முதுகு இறுக்கம் அரை மணிக்கு மேல இருக்குதா? பாதி ராத்திரிக்கு மேல வலி எழுப்பி விடுதா? பின்பக்கம், உக்கார்ற எடத்துக்கு மேல, ஒரு நாள் இந்த பக்கம் ஒரு நாள் அந்த பக்கம்னு வலிக்குதா? அப்புறம் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா கேட்டு சொல்லுங்க, எப்பவாச்சும் ஒத்தக் கண்ணு செவந்து வெளிச்சம் பாக்க முடியாம இருந்துச்சா?


தையல்_பேரணாம்பட்டு
திங்கள், மதியம் 2:05

அண்ணா கை நடுங்குது எனக்கு. முதுகு இறுக்கம் ஒரு மணி நேரம் இருக்குது. பின்பக்க வலி அவன் சொல்லவே இல்ல, இப்ப கேட்டா ஆமான்றான், வெக்கப்பட்டுகினு சொல்லலையாம். கண்ணு ரெண்டு தடவ செவந்துச்சு, போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும், மெட்ராஸ் ஐன்னு மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டோம். வீட்ல வேற யாருக்குமே ஒட்டல, அப்பவே நெனச்சேன் இன்னாடா இதுன்னு.


ஊதுற_டெஸ்ட்
திங்கள், இரவு 9:40

நான் மூச்சு பரிசோதனை எடுக்கற டெக்னீஷியன், 14 வருஷமா ஒரு நாளைக்கு முப்பது பேரை "ஊது ஊது ஊது விடாத விடாத"ன்னு கத்தி கத்தி தொண்டை போன ஆளு. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. நோய் இன்னான்னு சொல்ற எடத்துல நான் இல்ல, பேப்பரை எப்டி படிக்கறதுன்னு மட்டும் சொல்றேன். தம்பிக்கு அந்த குழாயில ஊதுற டெஸ்ட் எப்பவாச்சும் எடுத்தாங்களா? எடுத்திருந்தா எஃப்விசி (முழுசா இழுத்து மொத்தமா ஊதி விட்ட காத்து), எஃப்இவி1 (அதுல மொத செகண்ட்ல வந்தது), ரெண்டுக்கும் உள்ள விகிதம், மருந்து குடுத்து திரும்ப ஊதினது, இந்த நாலு நம்பரை போடுங்க. பேரு, ஆஸ்பத்திரி நம்பர் எல்லாம் மறைச்சிடுங்க.


தையல்_பேரணாம்பட்டு
திங்கள், இரவு 10:31

ஒரே ஒரு தடவ எடுத்தாங்க, ரெண்டு வருஷம் முன்னாடி. இருக்க வேண்டிய அளவுல எஃப்விசி 61 சதவீதம். எஃப்இவி1 63 சதவீதம். விகிதம் 86ன்னு போட்டிருக்குது. மருந்துக்கு அப்புறம் எஃப்இவி1 65. கீழ கையெழுத்துல "சரியா ஒத்துழைக்கலை"ன்னு எழுதியிருக்காங்க.


ஊதுற_டெஸ்ட்
செவ்வாய், காலை 7:10

"சரியா ஒத்துழைக்கலை", இந்த ஒரு வரியை பாத்தா எனக்கு பத்திக்கினு வருது. நானே ஆரம்பத்துல நெறைய பேருக்கு இப்டி எழுதியிருக்கேன், அந்த பாவம் இன்னும் இருக்குது.

அக்கா, கொல்லப்பட்டறை துருத்தி பாத்திருப்பீங்க. காத்து சரியா வரலன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, துருத்தி நல்லா விரியுது, ஆனா காத்து போற குழாய்ல அடைப்பு. ஆஸ்துமா, பீடி சிகரெட் குடிச்சு வர்ற சிஓபிடி எல்லாம் இந்த கணக்கு. காத்து உள்ள இருக்கும், வெளிய வேகமா வராது, அதனால மொத செகண்ட்ல வர்றது ரொம்ப கொறஞ்சிடும், விகிதம் 70க்கு கீழ போய்டும். இன்னொண்ணு, குழாய் சுத்தமா இருக்குது, ஆனா துருத்தியோட தோல் காஞ்சு வெறச்சு போய் விரிய மாட்டேங்குது. அப்ப உள்ள போற காத்தே கம்மி, போன காத்து மட்டும் சர்ருன்னு வெளிய வந்துடும். எஃப்விசியும் கம்மி, எஃப்இவி1ம் கம்மி, விகிதம் மட்டும் நல்லாருக்கும், சில பேருக்கு நல்லதுக்கும் மேலயே இருக்கும். ஒங்க தம்பியோட 86 அந்த மாதிரி தெரியுது. ஆஸ்துமாவுல மருந்து குடுத்தா எஃப்இவி1 முன்னாடி இருந்ததை விட 12 சதவீதமும், அளவுல 200 மில்லியும் ஏறுதான்னு பாப்போம், இங்க அந்த அளவுக்கு ஏறவே இல்ல.

ஆனா ரெண்டு விஷயம் சொல்லிடறேன், இல்லன்னா நாளைக்கு என்னை தான் திட்டுவீங்க. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு நல்லா இருக்கற நாள்ல எடுத்தா டெஸ்ட் சுத்தமா நார்மலா கூட வரும், அதனால ஒரு டெஸ்ட்டை வெச்சு ஆஸ்துமா இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாது. அதே மாதிரி துருத்தி விரியலன்னா அது முதுகுத்தண்டா தான் இருக்கணும்னும் இல்ல, நுரையீரலே தழும்பாகி சுருங்கியிருக்கலாம், குண்டா இருக்கலாம், நெஞ்சுல நீர் இருக்கலாம், நெஜமாவே ஒழுங்கா ஊதாம இருந்திருக்கலாம். நுரையீரல் மொத்த கொள்ளளவு அளக்கற பெரிய டெஸ்ட் தனியா இருக்குது, உறுதி பண்ண அது வேணும். அதை எழுதறது டாக்டர் வேலை.


காட்பாடி_ஜங்ஷன்
செவ்வாய், காலை 11:30

அக்கா நீங்க டைலர் தானே. டேப் எடுங்க.

தம்பியை சட்டை இல்லாம நிக்க வெச்சு ரெண்டு கையும் தலைக்கு பின்னாடி வெக்க சொல்லுங்க. மார்க்காம்பு மட்டத்துல டேப்பை சுத்துங்க. மூச்சு மொத்தமா வெளிய விட சொல்லி ஒரு அளவு, முடிஞ்ச வரைக்கும் இழுத்து புடிக்க சொல்லி ஒரு அளவு. வித்தியாசம் எவ்ளோன்னு பாருங்க. சாதாரண வாலிப பையனுக்கு அஞ்சு சென்டிமீட்டர் கிட்ட வரும். இரண்டரைக்கு கீழ வந்தா நான் நெனைக்கறதுக்கு பக்கத்துல இருக்குதுன்னு அர்த்தம்.

நான் நெனைக்கறது ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். கழுத்து தேய்மானம்னு எல்லாரும் சொல்ற ஸ்பாண்டிலோசிஸ் வேற, இது வேற, பேர் ஒரே மாதிரி இருக்கறதால ஃபார்மசில கூட குழப்பிக்கறாங்க. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி நம்ம முதுகெலும்பு மூட்டையே எதிரின்னு நெனச்சு வீங்க வைக்குது. மொதல்ல இடுப்புக்கு பின்னாடி இருக்கற மூட்டு, அப்புறம் மெல்ல மேல ஏறும். விலா எலும்பு ஒவ்வொண்ணும் முதுகெலும்புல வந்து ஒரு சின்ன மூட்டுல சேருது, நாம மூச்சு இழுக்கறப்ப வாளிக்கு புடி தூக்கற மாதிரி விலா எலும்பு மேல எழும்பறது அந்த மூட்டை வெச்சு தான். அது வீங்குச்சுன்னா மூச்சு இழுக்கறப்ப சுருக்குன்னு புடிக்கும், வருஷக்கணக்குல விட்டா இறுகியே போய்டும். நுரையீரல் பாவம் நல்லாதான் இருக்கும். அந்த கூண்டு தெறக்காது.

இந்த நோய் இருக்கற எங்களுக்கெல்லாம் வயித்தால தான் மூச்சு. அதனால தான் கல்யாண வீட்ல வயிறு முட்ட பிரியாணி சாப்ட்டா எனக்கு மூச்சு திணறும், எங்க மாமியார் வீட்ல இதை சொல்லி இன்னும் யாரும் நம்பல.


தையல்_பேரணாம்பட்டு
செவ்வாய், இரவு 11:48

அளந்தேன்.

நாங்க இஞ்ச்ல தான் அளப்போம், டேப்பை திருப்பி சென்டிமீட்டர் பக்கம் வெச்சேன். மூச்சு விட்டப்ப 84. இழுத்தப்ப 86. தப்பா புடிச்சிட்டேனோன்னு மூணு தடவ பாத்தேன், மூணு தடவயும் 86 கோட்டுக்கு மேல போகல, தோள்பட்டையை தூக்கறான், கழுத்து நரம்பு பொடைக்குது, வயிறு மட்டும் முன்னாடி வருது, மார்பு அசையவே இல்லண்ணா. சுவத்துல ஒட்டி நிக்க சொன்னேன், பொடனிக்கும் சுவத்துக்கும் நடுவுல என் ரெண்டு விரல் போச்சு. என்னை அம்மா அளந்தாங்க, எனக்கு அஞ்சரை வந்துச்சு. அம்மாவுக்கே, 58 வயசு, நாலு வந்துச்சு.

ஒரு இஞ்ச் கூட வரல. ப்ளவுஸ் தைக்கறப்ப மூச்சு விடறதுக்குன்னு நான் லூஸ் விடறதே ரெண்டு இஞ்ச். இத்தன வருஷமா அவனுக்கு சட்டை தைக்கறேன், உடம்புல தான் டேப் சுத்தியிருக்கேன், மூச்சை இழுடான்னு ஒரு தடவ சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்.


கொணவட்டம்_பறவை
புதன், காலை 8:02

சகோதரி கவலை வேண்டாம். முதுகெலும்பு ஒரு எடத்துல நழுவினா நுரையீரலுக்கு போற நரம்பு நசுங்கி தான் ஆஸ்துமாவே வருது. எங்க சென்டர்ல ஆறு சிட்டிங், முதுகை சொடக்கு எடுத்து நேர் பண்ணி விட்டா இன்ஹேலரை தூக்கி போட்டுடலாம். இன்பாக்ஸ்ல வாங்க.


ஊதுற_டெஸ்ட்
புதன், காலை 8:25

யாரும் இன்பாக்ஸ் போகாதீங்க. முதுகை சொடக்கு எடுத்தா ஆஸ்துமா போகுமான்னு கனடாவுல ஆஸ்துமா இருக்கற பசங்களை வெச்சு ஒழுங்கா டெஸ்ட் பண்ணி 1998-லயே பேப்பர் போட்டாங்க. பாதி பேருக்கு நெஜ சொடக்கு, பாதி பேருக்கு சும்மா தொட்டு விட்டது. ரெண்டு கும்பலுக்கும் ஒரே ரிசல்ட், சொடக்கு எடுத்ததால தனியா ஒரு லாபமும் இல்ல. முதுகு நோயை ஆஸ்துமான்னு நெனச்சு ஏமாந்த கதையை இங்க பேசிகினு இருக்கோம், நீங்க ஆஸ்துமாவை முதுகு நோய்னு விக்க வந்திருக்கீங்க.


காட்பாடி_ஜங்ஷன்
புதன், காலை 8:40

அது மட்டும் இல்ல. எங்க மாதிரி ஆளுங்களுக்கு எலும்பு சேந்து ஒரே மூங்கில் கம்பு மாதிரி ஆகியிருக்கும், சொடக்கு எடுக்கறேன்னு திருப்பினா முருங்கைக்கா மாதிரி ஒடையும், கீழ கால் ரெண்டும் போய்டும். முதுகுல டிபி இருக்கறவங்களுக்கும் அதே தான். படம் எடுக்காம முதுகை திருப்பறவன் கிட்ட போகாதீங்க, அவர் எவ்ளோ கைராசியா இருந்தாலும் சரி.


அடுக்கம்பாறை_டவுன்பஸ்
புதன், இரவு 9:15

எங்க அம்மா கதையை சொல்லணும்னு தோணுது, கொஞ்சம் நீளமா போகும்.

அம்மாவுக்கு 64. குடியாத்தம் பக்கம், நாப்பது வருஷம் பீடி சுத்தினாங்க, மொறத்தை மடியில வெச்சிகினு குனிஞ்ச தலை நிமிராம. புகையிலை தூள் நெஞ்சுக்குள்ள போய் நெஜமாவே இளைப்பு இருந்துச்சு, அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஊர்ல ஒருத்தர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை குடுத்தாரு, போட்டா அன்னிக்கே மூச்சு விட்டுடும், பசி எடுக்கும், கை கால் வலி கூட போய்டும். அம்மா அதை தெய்வ மாத்திரைன்னு தான் சொல்லும். சீட்டு இல்லாம ஏழெட்டு வருஷம் மெடிக்கல்ல வாங்கி போட்டுச்சு. அது ஸ்டீராய்டுன்னு எங்களுக்கு பின்னாடி தான் தெரியும்.

அப்புறம் மூச்சு ரொம்ப மோசமாச்சு. இளைப்பு ஏறிடுச்சுன்னு மாத்திரையை இன்னும் ஏத்தினாங்க. நடுவுல அம்மா என் பொண்டாட்டி கிட்ட, பொடவை எல்லாம் நீளமா வருதுடி, கொசுவம் தரையில கூட்டுது, கடைக்காரன் அகலத்தை மாத்திட்டானான்னு கேட்டுச்சு. நாங்க சிரிச்சோம். பொடவை அப்டியே தான் இருந்துச்சு, அம்மா தான் குட்டையாய்டுச்சு. எக்ஸ்ரே எடுத்தப்ப முதுகெலும்புல நடுவுல மூணு எலும்பு அப்பளம் மாதிரி நசுங்கி இருந்துச்சு. அந்த மாத்திரை வருஷக்கணக்குல எலும்பை அரிச்சுட்டு, எலும்பு நசுங்கி கூன் விழுந்து, விலா எலும்பு எறங்கி இடுப்பெலும்பு மேல உக்காந்துகிச்சு, நுரையீரலுக்கு எடமே இல்ல. நெஞ்சு பக்க முதுகெலும்பு ஒண்ணு நசுங்கினாலே மூச்சு கொள்ளளவு கிட்டத்தட்ட ஒம்போது சதவீதம் போகும்னு டாக்டர் சொன்னாரு. மூணு நசுங்குச்சுன்னா கணக்கு போட்டுக்குங்க. மூச்சுக்கு போட்ட மாத்திரையே மூச்சை புடிச்சிகிச்சு.

இப்ப எலும்புக்கு வருஷத்துக்கு ஒரு தடவ டிரிப் ஏத்தறாங்க, கால்சியம், விட்டமின் டி. மாத்திரையை ஒரே நாள்ல நிறுத்தல, நிறுத்தவும் கூடாது, ரொம்ப நாள் போட்டவங்க பட்டுன்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு மெல்ல மெல்ல கொறச்சாங்க. இன்ஹேலர் அம்மாவுக்கு இன்னும் இருக்குது. அதுல போற ஸ்டீராய்டு ரொம்ப கம்மி, மாத்திரை மாதிரி கெடையாது, அதை பாத்து யாரும் பயந்து நிறுத்திடாதீங்க.


கூழ்வத்தல்
புதன், இரவு 9:50

அந்த வெள்ளை மாத்திரை எங்க பாட்டியும் போட்டுச்சுணா. கேஸ்னு எழுதினதுக்கு மன்னிச்சிக்குங்க எல்லாரும்.


பாலாத்து_மணல்
வியாழன், காலை 6:55

எங்க அப்பாவுக்கு கழுத்துல இருந்து வந்துச்சு. 66 வயசு. உக்காந்தா நல்லாருப்பாரு, நடந்தாலும் பரவால்ல, படுத்தா மூச்சு திணறும். மூணு தலையணை வெச்சு, அப்புறம் ஈஸி சேர்லயே தூக்கம். படுத்தா மூச்சுன்னா எல்லாரும் மொதல்ல இதயம்னு தான் சொல்வாங்க, அது சரியும் கூட, எக்கோ எடுத்தாங்க, நல்லா இருந்துச்சு. நீர் மாத்திரை குடுத்தாங்க, ராத்திரி பாத்ரூம் போனது தான் மிச்சம்.

ஒரு ஜூனியர் டாக்டர் பொண்ணு, வயசு ஒரு இருவத்தஞ்சு இருக்கும், அப்பாவை படுக்க வெச்சு சட்டையை அவுக்க சொல்லிச்சு. அப்பா பட்டனை கழட்ட தடுமாறினாரு. எவ்ளோ நாளா இப்டின்னு கேட்டுச்சு. ஆறு மாசமா நான் தான் பட்டன் போட்டு விடறேன், வயசாய்டுச்சுன்னு நெனச்சோம்னேன். அப்புறம் வயித்தை பாத்துச்சு. மூச்சு இழுக்கறப்ப வயிறு மேல வரணும்ல, அப்பாவுக்கு உள்ள போச்சு. அதை எனக்கு காட்டி, பாருங்க அங்கிள் வயிறு தலைகீழா மூச்சு விடுதுன்னுச்சு. உக்காந்து ஊத வெச்சு, படுக்க வெச்சு திரும்ப ஊத வெச்சாங்க, படுத்தப்ப மூணுல ஒரு பங்கு கொறஞ்சு போச்சு. எக்ஸ்ரே மெஷினுக்கு முன்னாடி மூக்கை சர்ருன்னு உறிய சொல்லி ஓடற படமா பாத்தாங்க, உதரவிதானம், அதான் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற மூச்சு தசை, கீழ எறங்கறதுக்கு பதிலா மேல போச்சு. அதுக்கு அப்புறம் தான் கழுத்துக்கு எம்ஆர்ஐ. உதரவிதானத்தை ஆட்டற நரம்பு கழுத்து தண்டுவடத்துல மூணு நாலு அஞ்சு நம்பர்ல இருந்து கெளம்புதாம், அப்பாவுக்கு சரியா அங்க தான் தேய்மானம் முட்டி தண்டுவடம் நசுங்கியிருந்துச்சு.

இது அபூர்வம் தான், கழுத்து தேய்மானம் இருக்கற எல்லாருக்கும் மூச்சு போகாதுன்னு டாக்டரும் சொன்னாரு. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. இப்ப ரெண்டு தலையணை. பட்டன் மேல ரெண்டு அவரே போட்டுக்கறாரு, கீழ நான்.


முள்ளு_கத்திரிக்கா
வியாழன், மதியம் 1:20

எங்க பெரியப்பாவுக்கு தண்ணியால. தர்மபுரி மாவட்டம், போர் தண்ணில ஃப்ளோரைடு. பல்லு காவி கறை, கழுத்து திரும்பாது, யாராச்சும் கூப்ட்டா உடம்போட திரும்புவாரு, நெஞ்சு பலகை மாதிரி இருக்கும், பத்தடி நடந்தா மூச்சு. எக்ஸ்ரேல எலும்பு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருந்துச்சு, எலும்பை கட்டியிருக்கற நாரெல்லாம் எலும்பாவே மாறிடுச்சாம். இந்த நோயை நம்ம நாட்ல மொதல்ல எழுதினதே பழைய மெட்ராஸ் மாகாணத்துல தான், 1937-ல, நெல்லூர் பக்கம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காய்ச்சி குடிச்சா போகாதுங்க, தண்ணி ஆவியாகி ஃப்ளோரைடு இன்னும் கெட்டியா தான் ஆகும். நம்ம பக்கம் போர் போட்டவங்க ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்குங்க. அவ்ளோதான் சொல்ல வந்தேன்.


வாலாஜா_வெயில்
வியாழன், இரவு 8:30

எல்லாம் சரி, ஆனா இந்த இழையை படிச்சிட்டு மூச்சு வாங்கறவன் எல்லாம் டேப்பை தூக்கிகினு முதுகு முதுகுன்னு ஓடப்போறான், அதுக்கு தான் எழுதறேன். எங்க சித்தப்பா, 49, காலைல நெஞ்சும் முதுகும் புடிச்சிகிச்சுன்னு சொன்னாரு, மூச்சுப் பிடிப்புன்னு பக்கத்து தெருவுல சுளுக்கு வழிக்கற தாத்தா கிட்ட போனாரு, எண்ணெய் தேச்சு வழிச்சு விட்டாரு. மத்தியானம் வேர்த்து கொட்டி விழுந்துட்டாரு. ஹார்ட் அட்டாக். திடீர்னு வந்த மூச்சு, நெஞ்சு அழுத்தம், வேர்வை, உதடு நீலம், ஒத்தக் கால் வீங்கி கூடவே மூச்சு, இருமினா ரத்தம், இதெல்லாம் இருந்தா 108 தான். இங்க வந்து கேட்டுகினு உக்காராதீங்க.


ஊதுற_டெஸ்ட்
வியாழன், இரவு 9:05

வாலாஜா சொன்னது நூத்துக்கு நூறு. கூடவே டிபியையும் சேத்துக்குங்க. சாயங்கால காய்ச்சல், எடை கொறையறது, முதுகுல ஒரே எடத்துல வலி, தொட்டா ஒரு எலும்பு மட்டும் துருத்திகினு இருக்கறது, இது முதுகெலும்பு டிபியா இருக்கலாம். 1779-லயே இதை விவரமா எழுதின பாட்டுன்ற டாக்டர் பேர்ல பாட்ஸ் ஸ்பைன்னு சொல்வாங்க. நெஞ்சு பக்க எலும்புல வந்தா பக்கத்துலயே சீழ் கட்டி, நெஞ்சு எக்ஸ்ரேல நுரையீரல் கோளாறு மாதிரி ஏமாத்தும். கால் மரத்துப் போனாலோ, நடை தள்ளாடினாலோ, ஒண்ணுக்கு அடைச்சாலோ அன்னிக்கே போகணும்.

இதுக்கு தலைகீழும் உண்டு. காட்பாடிண்ணா மாதிரி நோய் பத்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கற சில பேருக்கு நுரையீரலோட மேல் நுனியில தழும்பு வரும், எக்ஸ்ரேல பாத்தா அச்சு அசல் டிபி. சளியில கிருமி இருக்காது. ஒருத்தர் ரெண்டு தடவ டிபி மருந்து கோர்ஸ் முடிச்சுட்டு என் கிட்ட ஊத வந்தாரு, குனிஞ்ச தலையை நிமித்தி குழாய்ல வாய் வெக்கவே அவரால முடியல, நான் மெஷினை தான் கீழ எறக்கினேன்.


தையல்_பேரணாம்பட்டு
மூணு வாரம் கழிச்சு, சனி, இரவு 10:10

தாமதத்துக்கு மன்னிக்கணும். வேலூர் போய்ட்டு வந்தோம். காலைல அஞ்சு மணி பஸ், நெஞ்சு டாக்டர், அங்கேந்து மூட்டுவாத டாக்டர், நாலு தடவ லைன். டேப்ல அளந்த நம்பரை சொன்னதும் அந்த மேடம் எங்க கத்துகினீங்கன்னு கேட்டாங்க, நெட்லன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, டைலர் மேடம்னு மட்டும் சொன்னேன். அவங்களும் அளந்தாங்க. அவங்களுக்கு 2.1 வந்துச்சு.

ரத்தத்துல வீக்க அளவு ஜாஸ்தி, ஹெச்எல்ஏ பி27ன்ற மரபணு இருக்குது, இடுப்புக்கு பின்னாடி இருக்கற மூட்டு எம்ஆர்ஐல ரெண்டு பக்கமும் வீக்கம். காட்பாடிண்ணா சொன்னதே தான். அந்த பி27 இருக்கறதாலயே நோய்னு அர்த்தம் இல்ல, நல்லா இருக்கறவங்களுக்கும் இருக்கும், எல்லாத்தையும் சேத்து வெச்சு தான் சொல்றோம்னாங்க. மூச்சு டெஸ்ட் திரும்ப எடுத்தாங்க, நுரையீரல் ஸ்கேனும் பாத்தாங்க, நுரையீரல் சுத்தமா இருக்குதாம். இன்ஹேலரை நெஞ்சு டாக்டரே நிறுத்த சொல்லிட்டாரு. வீக்கத்துக்கு மாத்திரை குடுத்திருக்காங்க, அது கேக்கலன்னா ஊசி, ஊசிக்கு முன்னாடி உள்ள டிபி பதுங்கி இருக்குதான்னு பாக்கணுமாம். கண்ணு திரும்ப செவந்தா மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்காம அன்னிக்கே கண் டாக்டர் கிட்ட வரணும்னு ரெண்டு தடவ சொன்னாங்க. எல்லாத்தையும் விட எக்ஸர்சைஸ், தெனமும்.

வேலூர் பாகாயத்துல இருக்கற ரீஹாப், அதான் மறுவாழ்வு மையத்துல காட்பாடிண்ணா ஒரு தடவ இருந்ததா இன்பாக்ஸ்ல சொன்னாரு. அதை 1966-ல ஆரம்பிச்ச மேரி வர்கீஸ் டாக்டரம்மாவுக்கே விபத்துல முதுகுத்தண்டு போய் சக்கர நாற்காலில உக்காந்து தான் ஆபரேஷன் பண்ணாங்களாமே, வேலூர்ல இவ்ளோ வருஷம் போய் வந்திருக்கேன், எனக்கு தெரியாது.

தம்பி கேட்ட ஒரே கேள்வி, அப்ப சொல்யூஷன் வேலைக்கு போலாமான்னு தான். போலாம், ஆனா ஒரே எடத்துல குனிஞ்சு நிக்காத, மணிக்கு ஒரு தடவ எழுந்து நட, சிகரெட் புடிச்சா நோயும் ஜாஸ்தியாகும் மூச்சும் போகும், விடுன்னாங்க. எனக்கு தெரியாம புடிச்சிகினு இருந்திருக்கான் ராஸ்கல்.


காட்பாடி_ஜங்ஷன்
சனி, இரவு 10:40

27 வயசுலயே புடிச்சிட்டீங்கக்கா. எனக்கு பேர் தெரியறதுக்குள்ள ஏழு வருஷம் போச்சு, கழுத்து இறுகிடுச்சு. இறுகினது திரும்பாது, மிச்சம் இருக்கறதை தான் காப்பாத்திகினு இருக்கேன். அவனுக்கு இன்னும் வீக்கம் தான், எறங்கும். தலையணை ஒசரமா வெக்க விடாதீங்க. நீச்சல் தெரியுமா?


தையல்_பேரணாம்பட்டு
ஏழு வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 5:20

நீச்சல் தெரியும்ணா, சின்ன வயசுல எங்க மாமா கெணத்துல கயிறு கட்டி கத்துகுனான். டாக்டர் கிட்ட கேட்டு, குதிக்கறது மட்டும் வேணாம், படியில எறங்கி நீந்துன்னாங்க. ஞாயித்துக்கெழமை படுத்து கெடக்கறவன் இப்ப காலைல ஆறு மணிக்கு கெணத்துல. மாமா மேல உக்காந்து காவல்.

இன்னொரு விஷயம். போன வாரம் ஒரு பாவாடை சட்டைக்கு அளவு எடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு, எட்டாவது படிக்குது. எடது தோள்பட்டை அரை இஞ்ச் எறக்கம். இந்த மாதிரி வர்ற பொண்ணுங்களுக்கு நான் எப்பவும் அந்த பக்கம் ஒரு பேட் வெச்சு தச்சு மறைச்சு குடுத்துடுவேன், அவங்க அம்மாவும் சந்தோஷமா வாங்கிகினு போவாங்க. இந்த தடவ குனிஞ்சு கால் விரலை தொடுமான்னேன். முதுகு ஒரு பக்கம் மேடா நின்னுச்சு.


ஊதுற_டெஸ்ட்
ஞாயிறு, மாலை 6:02

அக்கா அந்த பொண்ணை அனுப்பி வைங்க எலும்பு டாக்டர் கிட்ட. ஸ்கோலியோசிஸா, அதான் முதுகெலும்பு பக்கவாட்டுல வளையறதா இருக்கலாம், படம் எடுத்து வளைவு எத்தனை டிகிரின்னு அளப்பாங்க, பத்துக்கு மேல இருந்தா தான் கணக்கே. நூறு கிட்ட போனா மூச்சையே பறிக்கும், ஆனா அந்த நெலமைக்கு போறதுக்கு முன்னாடி வளர்ற வயசுலயே பெல்ட் போட்டு நிறுத்த முடியும். எங்க கிட்ட அந்த மாதிரி ஆளுங்க வந்தா ஒசரத்துக்கு பதிலா ரெண்டு கையையும் நீட்ட சொல்லி விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து தான் மெஷின்ல போடுவோம், வளஞ்ச முதுகோட ஒசரத்தை போட்டா கணக்கு தப்பாகும்.

தம்பி அளவு இன்னா இப்ப?


தையல்_பேரணாம்பட்டு
ஞாயிறு, மாலை 6:30

அனுப்பிட்டேன், அவங்க அம்மா மொதல்ல கோச்சிகுனாங்க, பொண்ணுக்கு கொற சொல்றியான்னு. தெரு மொனைக்கு போய்ட்டு திரும்பி வந்து எந்த டாக்டர்னு கேட்டாங்க.

தம்பிக்கு அளவு நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கிட்டேன், ஞாயிறு ஞாயிறு கெணத்துல இருந்து வந்ததும் எழுதறேன். மூச்சு விட்டு 84, இழுத்து 87. போன வாரம் 86.8. டேப்பை இறுக்கி புடிக்காதக்கான்னு சண்டை போடறான், நான் எப்பவும் ஒரே மாதிரி தான் புடிக்கறேன்.